துடைப்பம் பிடித்த சம்மனசு

மெல்ச்சோராவுக்கு எல்லாமே இடது கைதான். கிழங்கு தோண்டுவது, சுமை தூக்கும் லாமாவுக்குக் கயிறு மாட்டுவது, சூப்பைக் கிண்டுவது, நாயை விரட்டக் கல்லெறிவது, எல்லாம். கல்லெறிவதில் கெல்யோமார்க்காவில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த ஊர் நாய்களைக் கேட்டால் சொல்லும். ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்தது நல்ல பெயர்தான். ஆனால் ஊர் வாயில் அது நுழையவில்லை. "நொட்டாங்கை" என்றால் அவள்தான். அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள். சின்ன வயதிலேயே கோபப்பட்டு கோபப்பட்டு அலுத்துப்போன பெயர் அது.

அவள் நூல் நூற்கிற தக்ளியும் இடப்பக்கமாகத்தான் சுற்றும். அந்த மலைநாட்டுப் பெண்கள் கையில் தக்ளி ஓயாது. நடக்கும்போதும் சுற்றும், மந்தை மேய்க்கும்போதும் சுற்றும், வம்பு பேசும்போது இன்னும் வேகமாகச் சுற்றும். ஆனால் எல்லாருடையதும் வலப்பக்கம். அந்த நூலில் போர்வை நெய்யலாம், பை நெய்யலாம். இடப்பக்கம் முறுக்கிய இடம்புரி நூலுக்கு வேலை வேறு. பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் கட்டவும், பிள்ளைத்தாய்ச்சியின் இடுப்பில் கட்டவும், தூரப் பயணம் போகிறவனின் கணுக்காலில் கட்டவும் அதுதான் வேண்டும். வருகிற கேடு அந்த நூலைக் கண்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று நம்பிக்கை. வலக்கைக்காரிகளும் மெனக்கெட்டால் அதை முறுக்கலாம். ஆனால் தானாகவே இடப்பக்கம் ஓடுகிற கையிலிருந்து வருவதுதான் நூல், மற்றது வேஷம் என்பார்கள்.

இப்படிப்பட்டவளை ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாமா? கொண்டாடத்தான் செய்தது, கொல்லைப்பக்கமாக. பாதிரியார் தோன் அல்வாரோ அதைப் பிசாசின் நூல் என்று பூசையில் வைத்தே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசலில் யார் காலை வைப்பார்கள்? லாமாப் பட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து நின்று, "கொஞ்சம் உப்பு இருக்கா?" என்பார்கள். மெல்ச்சோரா உள்ளே போய் நூலை எடுத்துவந்து கொடுப்பாள். அவள் வீட்டிலிருந்து இப்படிப் போன உப்பை எல்லாம் சேர்த்தால் ஊருக்கே வருஷக்கணக்கில் ஆகும். பாதிரியாருக்குக் கோவில் வேலையில் உதவும் உபதேசியார் தியோனிசியோவின் மனைவி கிரெகோரியாகூட, மகள் கர்ப்பமானதிலிருந்து உப்புக்கு வந்துபோகிறவள்தான்.

மெல்ச்சோராவின் புருஷனை முறை போட்டுப் பிடிக்கிற கட்டாய வேலைக்கென்று பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். அவன் கணுக்காலிலும் இடம்புரி நூல் கட்டித்தான் அனுப்பினாள். அவன் திரும்பவில்லை. நூலைப் பற்றி அவளுக்கே சந்தேகம் வந்தது அந்த ஒரு தடவைதான். ஆனாலும் கை சுற்றுவதை நிறுத்தவில்லை, வயிற்றில் உர்சுலா இருந்தாள்.

அந்த உர்சுலாவுக்கு இப்போது ஏழு வயது. வீட்டில் உர்சு. தாயைப் போலவே இடக்கை. தாயைப் போலவே வாயும் இருந்தது. ஞானோபதேசம் படிக்கக் கோவில் முற்றத்தில் பிள்ளைகள் உட்காரும்போது, இவள் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். ஒருநாள் தோன் அல்வாரோ எல்லாரையும் நெற்றியில் சிலுவை அடையாளம் போடச் சொன்னார். உர்சு உற்சாகத்தில் இடது கையால் போட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

சாமியார் உபதேசியாரைக் கூப்பிட்டார். "இந்தக் கையைக் கட்டு. தினமும் காலையில கட்டு, பொழுது சாயற வரைக்கும் அவிழ்க்காத. சனவரி முடிஞ்சு வர்ற மெழுகுதிரி மாதா திருநாளுக்குள்ள எல்லாத்துக்கும் வலது கை வந்தாகணும். வரலைன்னா கூஸ்கோவுல கன்னியர் மடத்துக்கு அனுப்பிடுவோம். அங்கே திருத்திடுவாங்க."

அந்த ஊரிலிருந்து கூஸ்கோ மடங்களுக்குப் போன பெண்பிள்ளைகளை மெல்ச்சோராவுக்குத் தெரியும். திருத்தினார்களோ இல்லையோ, அடுப்படியில் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் ஊருக்கு வந்து பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து விடிந்ததும் இதுதான் நடந்தது. உர்சு கோவில் முற்றத்துக்குப் போவாள். தியோனிசியோ தன் பதவிக்கு அடையாளமான வெள்ளிப்பூண் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இடுப்புக் கச்சை போல நெய்த சிவப்புப் பட்டை ஒன்றை எடுப்பார். "கையை நீட்டு" என்பார். அவள் நீட்டுவாள். இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. கட்டை இறுக்கிவிடக் கூடாதென்று விரலை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் முடிச்சுப் போடுவார். அந்த அக்கறையைப் பார்த்தால் மெல்ச்சோராவுக்கு இன்னும் எரியும்.

கொஞ்ச நாளில் உர்சுவுக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது. முதலில் செபம் சொல்லும்போது, பிறகு "அம்மா" என்று கூப்பிடும்போதே. அதற்குப் பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். முற்றத்தில் தனியாகக் கேட்ட சத்தம் இல்லாமல் போனது. வீட்டிலும்தான். மெல்ச்சோராவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. நேரே உபதேசியாரிடம் போனாள்.

"மாமா, பிள்ளை வாயடைச்சுப் போச்சு. பாத்தீங்களா இல்லையா?"

"நான் என்ன ஆசப்பட்டா கட்டுறேன்? சாமி சொல்லியிருக்காரு."

"சொன்னது சாமி. கட்டுறது நீங்கதான?"

"ஏன் சொல்ல மாட்ட! கட்டலன்னா நாளைக்கு என் முதுகுலதான் விழும். உனக்கென்ன."

"நேத்து உங்க வீட்டு அத்தை உப்புக்கு வந்துச்சு."

தியோனிசியோ இருமினார். கம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "உப்பு வேற, உபதேசம் வேற" என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார். மணியடிக்கிற நேரமே இல்லை அது.

இதற்கிடையில் கோவிலுக்குள் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பெரிய ஊர்க் கோவில்களில் எல்லாம் துப்பாக்கி ஏந்திய சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின், படம் வைத்திருக்கிறார்கள், நம் கோவிலுக்கு ஒன்றுகூட இல்லையே என்று தோன் அல்வாரோவுக்குக் குறை. கூஸ்கோவிலிருந்து இலாரியோ என்கிற ஓவியனை அழைத்து வந்திருந்தார். மாதிரிக்கு ஒரு புத்தகமும் இரவல் வாங்கி வந்திருந்தார். கடல் தாண்டி வந்த சிப்பாய்ப் பயிற்சிப் புத்தகம். துப்பாக்கியைத் தோளில் வைப்பது எப்படி, மருந்து கெட்டிப்பது எப்படி என்று பக்கத்துக்கு ஒரு சிப்பாய் அச்சடித்திருக்கும். அதில் ஒருவனைத் தேர்ந்தெடுத்து இறக்கை மாட்டிவிட்டால் சம்மனசு. அப்படித்தான் அந்த நாட்டில் செய்வார்கள்.

இலாரியோ நல்ல வேலைக்காரன். வாயும் கையும் சேர்ந்து ஓடும். அகலத் தொப்பி போட்டு, அதில் சிவப்பும் வெள்ளையுமாக இறகுகள் செருகி, முழங்காலில் நாடா கட்டி, செருப்பில் பூ வைத்து, இளவட்டம் ஒருத்தனைக் கல்யாணத்துக்கு அனுப்புகிற மாதிரி சோடித்துவிட்டான். முகத்துக்கு மீசையில்லை, தாடியில்லை. ஆணென்றால் ஆண், பெண்ணென்றால் பெண். பின்னால் யாருமில்லை, மரமில்லை, வீடில்லை. இருட்டில் இந்த ஒரு ஆள் மட்டும் தனியாக நிற்கிறார். இரண்டு கைகளும் துப்பாக்கியும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத் தோன் அல்வாரோ கூஸ்கோவுக்குக் கிளம்பினார். கிறிஸ்துமஸை நகரத்தில் கழிக்க வேண்டுமென்று ஆசை, மலைக்குளிரில் மூட்டுவலி வேறு. "மெழுகுதிரி மாதா திருநாளுக்கு முந்தின நாள் வந்துடுவேன்" என்றார். இரவல் புத்தகத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று எடுத்துப் போய்விட்டார். "இத்தனை நாள் பார்த்தியே, போதும். மனசுல இருக்கும்ல?" என்று கழுதை மேலிருந்தே கேட்டார். இருக்கிறது என்று இலாரியோ சொல்லிவிட்டான். இல்லை என்று சாமியாரிடம் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

ஓவியனுக்குச் சோறு போடுவது ஊர் முறை. ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீடு. மெல்ச்சோராவின் முறை வந்தது. பனியில் உலர்த்திய சுன்யோ கிழங்கு போட்ட சூப்பை மண்சட்டியில் எடுத்துக்கொண்டு, உர்சுவையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். இலாரியோ கையில்லாத சம்மனசுக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே, கப்பல் கவுந்துடுச்சா?"

"கை மறந்துபோச்சு, தங்கச்சி. துப்பாக்கி ஞாபகம் இருக்கு. தொப்பி ஞாபகம் இருக்கு. அந்தப் பய கையை எங்க வச்சிருந்தான்னு மட்டும் வர மாட்டேங்குது. யாராவது நின்னு காட்டினாத் தேவல."

"நில்லுங்கன்னு ஊர்ல கேக்க வேண்டியதுதான?"

"குட்டையனுங்களா நிக்கிறானுங்க. நீதான் நல்ல உசரம்." அவளை மேலும் கீழும் பார்த்தான். "சட்டியக் கீழ வை. அந்தத் துடைப்பத்த எடு."

அவள் சிரித்துவிட்டாள். அவன் விடவில்லை. பட்டுத்துணி மடிப்பு எப்படி விழும் என்று பார்ப்பதற்காக உபதேசியாரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த சாமியாரின் சரிகை அங்கி பெட்டிமேல் கிடந்தது. பெரிய திருநாளுக்கு மட்டும் போடுகிற அங்கி. அதை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டான். தன் தொப்பியில் ஒரு கோழி இறகைச் செருகி அவள் தலையில் வைத்தான்.

"ஐயோ, யாராவது பாத்தா என்னைத் தொலைச்சிடுவாங்கண்ணே!"

"யாரு பாக்கப் போறா? துப்பாக்கிய எப்படிப் புடிப்ப?"

"நான் என்ன சிப்பாயா? எனக்கெப்படித் தெரியும்?"

"நாயை விரட்டறப்ப துடைப்பத்த எப்படிப் புடிப்ப? அப்படிப் புடி."

அது அவளுக்குத் தெரியும். காலை அகட்டி, துடைப்பக் கட்டையைச் சாய்த்துப் பிடித்து, கன்னத்தை அதன் பக்கம் கொண்டுபோனாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உர்சு சிரித்தாள். கை கட்டியதிலிருந்து சிரிக்காத பிள்ளை, பலிபீடப் படியில் உட்கார்ந்து, கட்டாத கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா… சா… சாமியாரம்மா!" என்றாள்.

மெல்ச்சோராவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சிரிப்புக்காகத் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்க நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பாள். "அசையாத! அப்படியே நில்லு!" என்று இலாரியோ கத்தினான். அந்த வாரம் முழுக்க அவள் நின்றாள், பக்கத்து வீட்டு முறை வந்த பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்து நின்றாள். உர்சுவும் தினமும் வந்து சிரித்தாள்.

கைகள் முடிந்தன. இலாரியோ தங்க ரேக்கை ஒட்டி, அங்கி முழுக்கப் பூப்பூவாக இழைத்துவிட்டான். கொண்டுவந்த தங்கம் அத்தனையும் தீர்ந்தது. கடைசியாகக் கூப்பிட்டுக் காட்டினான். மெல்ச்சோரா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே."

"சொல்லு, எப்படி இருக்கு?"

"இவரு நொட்டாங்கை."

இலாரியோ சிரித்தபடி படத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. துப்பாக்கி இடது தோளில் இருந்தது. விசையில் இருந்தது இடது கை விரல். தன் இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் துப்பாக்கி பிடித்துப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மறுபடி பிடித்துப் பார்த்தான். மலையில் பிறந்து வளர்ந்தவன் அவன். துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை, எந்தக் கையில் எது இருந்தால் என்ன என்று கண் கேட்கவே இல்லை.

"செத்தேன்" என்றான். "திருத்தவும் முடியாது. தங்கம் ஒரு பொட்டு இல்ல."

"சாமி கவனிக்க மாட்டாரு" என்றாள் மெல்ச்சோரா. அவள் அதைச் சொன்னது அவனுக்கு ஆறுதலாக. மனசுக்குள் வேறு ஒன்று ஓடியது. வானத்திலிருந்து இறங்கி வந்தவர், பொன்னும் பூவுமாக நிற்கிறவர், தன்னைப் போல, தன் மகளைப் போல. பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. எது எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

படத்தைச் சுவரில் மாட்டிய அன்று ஊர் வந்து பார்த்தது. படத்தைப் பார்த்தார்கள், திரும்பி மெல்ச்சோராவைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். தியோனிசியோ மூக்கைச் சொறிந்துகொண்டு நெடுநேரம் நின்றார்.

சனவரி பாதியில் ஆலங்கட்டி வந்தது. கிழங்குச் செடி பூத்து நிற்கிற நேரம். அப்போது ஒரு பிற்பகல் போதும், வருஷச் சாப்பாடு போய்விடும். பனிமலைப் பக்கமிருந்து கருமேகம் இறங்குவதைப் பார்த்ததும் ஊரே வயலுக்கு ஓடியது. கொம்பு ஊதினார்கள், சாம்பலை வாரி வீசினார்கள், கவணில் கல் வைத்து மேகத்தைப் பார்த்து எறிந்தார்கள். மெல்ச்சோராவும் எறிந்தாள். மேகம் தலைக்கு மேல் வந்து நின்றது. இடி இடித்தது. பிறகு என்ன நினைத்ததோ, இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி ஆற்றுப் பக்கமும் மறுபாதி கல்லாங்குத்துப் பக்கமும் போய்க் கொட்டியது. கெல்யோமார்க்காவின் வயலில் ஒரு பூ உதிரவில்லை.

"அந்த நொட்டாங்கை சுட்டுட்டாருடி!" என்று யாரோ ஒருத்தி கத்தினாள்.

அன்று மாலையே படத்துக்கு முன்னால் மெழுகுதிரிகள் எரிந்தன. உபதேசியாரின் திரியும் அதில் இருந்தது. கோவில் பெட்டியிலிருந்து எடுத்ததில்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஆனாலும் காலையில் உர்சு வந்ததும், "கையை நீட்டு" என்று சொல்லத்தான் செய்தார். சொல்லும்போது படம் இருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டார்.

திருநாளுக்கு முந்தின நாள் பிற்பகல் தோன் அல்வாரோ வந்தார். பெண்கள் கோவிலைப் பூவால் சோடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கழுதையிலிருந்து இறங்கி, சேற்றுக் காலணியோடு நேரே படத்துக்கு வந்தார். முதலில் முகம் மலர்ந்தது. "அடடா" என்றார். பிறகு தலையைச் சாய்த்தார். பிறகு தன் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"இலாரியோ! இது என்ன?"

"சம்மனசு, சாமி."

"அது தெரியுது. இது என்ன கை? அச்சுல வலது கைதான இருந்துச்சு?"

"புத்தகத்த நீங்க எடுத்துட்டுப் போய்ட்டீங்க, சாமி. இரவல்னு…"

"பிசாசோட கையைக் கொண்டுவந்து சம்மனசுக்கு மாட்டி வச்சிருக்க! இந்தக் கையை நான் கட்டச் சொல்லிட்டுப் போறேன், நீ பொன் பூசி மாட்டி வைக்கிறியா? என்னைக் கேலி பண்றியா? நாளைக்குப் பூசை முடிஞ்சதும் முற்றத்துல வச்சு உனக்குக் கசையடி. ஊர் பார்க்க!"

இலாரியோ தரையைப் பார்த்து நின்றான். மெல்ச்சோரா தூண் பக்கத்தில் உர்சுவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரே ஒரு தடவை அவள் பக்கம் திரும்பியிருந்தால் போதும், எல்லாம் விளங்கியிருக்கும். அவன் திரும்பவில்லை. இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் மகள் கூஸ்கோவுக்குப் போய்விடுவாள், இது அவளுக்குத் தெரியும். நாளைதான் கெடு. வாயை மூடிக்கொண்டால் ஒருவேளை சாமியார் கோபத்தில் அதை மறந்தேகூடப் போகலாம். அவள் உர்சுவின் தலையைத் தடவினாள். இவளைச் சிரிக்க வைத்தவன் அவன். ஊரில் வேறு யார் சிரிக்க வைத்தார்கள்?

"சாமி, அவரை விடுங்க" என்றாள். "அது என் கை."

"என்னது?"

"துடைப்பத்த வச்சுக்கிட்டு நான்தான் நின்னேன். எனக்கு வந்தபடி புடிச்சேன். அவரு பாத்தத வரஞ்சாரு." அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதி உண்மை சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "உங்க சரிகை அங்கியப் போட்டுக்கிட்டு நின்னேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோன் அல்வாரோ பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"தியோனிசியோ. கத்தியை எடு. ரெண்டு கையையும் சுரண்டு. வெறும் துணி தெரியற வரைக்கும் சுரண்டு."

சாயம் சுரண்டுகிற கத்தி இலாரியோவின் பெட்டியில் இருந்தது. தியோனிசியோ அதை எடுத்தார். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி நின்றார். சம்மனசும் அவரும் முகத்துக்கு முகம். கத்தி பிடித்த கை மேலே போனது, நின்றது. அப்படியே நின்றது. பிறகு அவர் இறங்கினார். கத்தியைச் சாமியாரின் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார்.

"பிள்ளை கையைக் கட்டச் சொன்னீங்க சாமி, கட்டினேன். இவரு கைமேல கைவைக்க என்னால ஆகாது. வயல்ல கிழங்கு பூத்து நிக்குது."

"அப்ப வேற யாராவது வாங்க!"

"எங்க வயல்லயும் பூத்திருக்கு, சாமி" என்றான் ஒருவன். "எங்களுதுலயும்" என்றாள் இன்னொருத்தி.

தோன் அல்வாரோவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. மூட்டுவலியோடு தானே பெஞ்சில் ஏறினார். கத்தியை நீட்டினார். அந்த நேரம் வெளியே இடி இடித்தது. மழைக்காலத்தில் பிற்பகலில் அந்த மலையில் இடி இடிக்காத நாள் கிடையாது. இது அவருக்கும் தெரியும். ஆனாலும் துப்பாக்கி முனைக்கு எதிரே கத்தியோடு நின்று கேட்கிற இடி வேறு மாதிரி இருக்கும் போலிருக்கிறது. ஊர்க் கிழங்கில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு வந்து சேர வேண்டியது என்பதையும் மறந்துவிட வேண்டாம். கத்தியைத் தாழ்த்தினார். நிதானமாக, ஒவ்வொரு காலாக, இறங்கினார்.

"திருநாள் முடியட்டும். பிறகு பார்த்துக்கலாம்" என்றார்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். மெல்ச்சோரா மட்டும் விடவில்லை. அப்போது தியோனிசியோ தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப இந்தப் பிள்ளை, சாமி? நாளைக்குக் கெடு வச்சீங்க. கூஸ்கோவுக்கு…"

தோன் அல்வாரோ அவரைப் பார்த்தார், சம்மனசைப் பார்த்தார், தூண் பக்கம் நின்ற சின்னப் பெண்ணைப் பார்த்தார். விடிந்ததிலிருந்து கழுதைமேல் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"எல்லாத்தையும் பிறகு பார்த்துக்கலாம்னுதான்யா சொல்றேன்! காது கேக்கலையா?"

அந்தப் 'பிறகு' வரவே இல்லை. அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது, அதனால் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் சுமார், ஆகவே பார்க்கப் பயம். கசையடியையும் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. இலாரியோ சோற்று முறை முடிகிற வரை இருந்து தின்றுவிட்டு, அடுத்த ஊருக்குத் தொப்பியில் கோழி இறகோடு போனான். சம்மனசு இன்றைக்கும் அதே சுவரில் இடது தோளில் துப்பாக்கியோடுதான் நிற்கிறார்.

திருநாளன்று காலை உர்சு வழக்கம்போலக் கோவில் முற்றத்துக்குப் போனாள். உபதேசியார் முன்னால் போய் நின்றாள். அவர் கம்பைச் சுவரில் சாய்க்கவில்லை. "போ, போய் உக்காரு" என்றார். மெல்ச்சோரா தூரத்திலிருந்து இதைப் பார்த்தாள். அன்று முழுக்கப் பூசையில் என்ன நடந்ததென்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள்: "சிலுவை போட மட்டும் வலது கை. மத்ததெல்லாம் உன் இஷ்டம். சாமியாரு பாவம், வயசானவரு."

திக்கல் உடனே போய்விடவில்லை. கட்டு அவிழ்ந்த வேகத்தில் நாக்கு அவிழாது. ஆனால் பேச ஆரம்பித்தாள். திக்கித் திக்கியே ஓயாமல் பேசினாள்.

கிழங்கு தோண்டுகிற நாட்கள் வந்தன. ஒருநாள் நல்ல வெயிலில், தெரு முழுக்க ஆள் இருக்கும்போது, தியோனிசியோ மெல்ச்சோராவின் வீட்டுக்கு வந்தார். பட்டிப்பக்கம் போகவில்லை. வாசலில் வந்து, வெள்ளிப்பூண் கம்பைத் தரையில் தட்டி நின்றார். எதிர்வீட்டுக்காரி கையிலிருந்த தக்ளி நின்றேபோனது.

"வாங்க மாமா. உப்பா?" என்றாள் மெல்ச்சோரா. கேட்காமல் இருக்க முடியவில்லை அவளால்.

"உப்பு வீட்டுல நெறைய இருக்கு" என்றார் அவர். "பேரன் பொறந்திருக்கான். நூல் வேணும்." மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். அந்தச் சிவப்புப் பட்டை. "நல்ல கம்பளி. கிரெகோரியா நூத்தது. இதப் பிரிச்சு முறுக்கித் தர முடியுமா?"

மெல்ச்சோரா பட்டையை வாங்கினாள். கையில் வைத்துப் பார்த்தாள். முடிச்சு விழுந்து விழுந்து ஒரு இடத்தில் மட்டும் நசுங்கியிருந்தது. தூக்கி அடுப்பில் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு உள்ளே திரும்பி, "உர்சு!" என்று கூப்பிட்டாள். "உன் தக்ளிய எடுத்துக்கிட்டு வா. உபதேசியாரு வேலை கொண்டாந்திருக்காரு."

உர்சு வாசற்கல்லில் உட்கார்ந்து பட்டையின் ஓரத்தைப் பிரித்தாள். நூல் நெளிநெளியாக வந்தது. அதைத் தக்ளியில் மாட்டி, இடது கையால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டாள். அது இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. தியோனிசியோ போகவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போக, எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தார்.

நூல் முறுக்கேறியது. பிறந்த பிள்ளையின் மணிக்கட்டும் பெரியவர் ஒருத்தரின் கட்டைவிரலும் ஒரே பருமன் என்று அந்த ஊரில் கணக்கு. அளவெடுக்க வேண்டும். உர்சு நூலோடு எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"கை… கை…" என்றாள். வார்த்தை மாட்டிக்கொண்டது. அவர் அவசரப்படுத்தவில்லை, மெல்ச்சோராவும் எடுத்துக்கொடுக்கவில்லை. "கையை நீட்டுங்க" என்றாள்.

உபதேசியார் தியோனிசியோ கம்பைத் தரையில் கிடத்திவிட்டு, தன் இடது கையை நீட்டினார்.